இடது கைப் பிடி

அடி அண்ணாமலை
ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ போன மறுநாள் முதலில் என் கண்ணில் பட்டது உன் சைக்கிளின் வலது பிரேக் பிடி. மற்ற இடமெல்லாம் கறுப்புப் பெயிண்ட் அப்படியே இருக்க, இரண்டு விரல் படும் இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. உன் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். வாடகை சைக்கிள்களைத் துடைத்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தை மட்டும் துடைக்காமல் விட்டேன்.

இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். குன்னூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? அம்மா கொடுத்த கம்பளியை வெட்கப்படாமல் போர்த்திக்கொள்.

"பள்ளிக்கூடத்த வுட்டுட்ட, எழுத்தையும் வுட்டுடாத பாப்பா" என்று பஸ் ஏறும்போது சொன்னாயே, அதனால்தான் எழுதுகிறேன். போனில் எனக்கு 'ம்' தவிர வேறு வராது என்று உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது வராத குரல் போனில் மட்டும் எங்கிருந்து வரும்? எழுதினால் வருகிறது.

நம் சைக்கிள் கடையில் உன் பேச்சு இல்லை. அதாவது, உன் பெயரைச் சொல்லாமல் உன்னைப் பற்றித்தான் பேச்சு. வாடகைக்கு வாங்கும் புது கியர் சைக்கிள்களில் டிஸ்க் பிரேக் வேண்டும் என்றாய் நீ. ரிம் பிரேக் போதும் என்றார் அப்பா. அதோடு முடிந்திருக்க வேண்டியது. "டிஸ்க் பிரேக் மாட்ற அன்னிக்குக் கூப்புடு, வரேன்" என்று நீ சொன்னதும், "அதுவரைக்கும் அங்கியே இரு" என்று அவர் சொன்னதும்தான் அம்மாவை அழ வைத்தது. இப்போது அம்மா அழுவதில்லை. "இந்த வூட்ல எல்லாருக்கும் பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது, வண்டிதான் நகரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விடுகிறாள்.

நேற்று சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்த அப்பா, தலையைத் தூக்காமலே கேட்டார்: "அங்கெல்லாம் மழை ஜாஸ்தியாமே. மழைல நிக்கிதாமா அது?"

"எதுப்பா?" என்றேன்.

"அதான், அந்தத் தட்டு பிரேக்கு."

நான் கேட்டதாகவே நினைத்துப் பதில் எழுது.

உன் சுகத்தை எதிர்பார்க்கும்
சினேகா


குன்னூர் மேல்முகாம்
ஆகஸ்ட் 25

அன்புத் தங்கைக்கு,

ஆதவன் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொல். இங்கே சிக்னல் கிடையாது. ஒரு பாறை மேல் ஏறி நின்றால் எப்போதாவது ஒரு கோடு வரும். அதனால் கடிதமே நல்லது.

வேலை இதுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஜீப்பில் மேலே கொண்டுபோய் விடுவோம். அவர்கள் மலை சைக்கிளில் தேயிலைத் தோட்டத்து மண் வழியாக இறங்குவார்கள். நான் எப்போதும் முதலில் இறங்குவேன். வழியில் மரம் விழுந்திருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சைக்கிள் எல்லாம் டிஸ்க் பிரேக்.

நீ கேட்டாயே, மழையில் நிற்கிறதா என்று. நிற்கிறது பாப்பா. ரிம் பிரேக் என்றால் சக்கரத்தின் ஓரத்தையே ரப்பர் கட்டை கவ்வ வேண்டும். ஓரம் சேற்றிலும் தண்ணீரிலும் முங்கி வருகிறது. கட்டை முதலில் தண்ணீரை வழிக்க வேண்டும், அப்புறம்தான் பிடிக்கும். அதற்குள் நாம் பள்ளத்தில் இருப்போம். டிஸ்க்குக்குத் தட்டு சக்கரத்தின் நடுவில், அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சேறு அவ்வளவு சீக்கிரம் எட்டாது. சக்கரம் கோணிக்கொண்டாலும் பிரேக்குக்குக் கவலை இல்லை. ஒற்றை விரலால் அழுத்தினால் போதும். மாலையில் கை வலிப்பதே இல்லை.

இதையெல்லாம் நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லாதே. நீ எங்கேயோ படித்த மாதிரி சொல்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்
ஆதவன்


அடி அண்ணாமலை
செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது தேவலாம். நீ எப்படி இருக்கிறாய்?

எங்கேயோ படித்த மாதிரி சொன்னேன். அப்பா முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். எழுதியவன் யார் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அப்புறம் அவர் பங்குக்குச் சொன்னார். நான் பாத்திரம் கழுவும்போது நினைவில் ஓட்டிப் பார்த்து அப்படியே எழுதுகிறேன். "மலைல எறங்கறவனுக்கு அது சரி. நம்ம கிட்ட எடுக்கறவன் மலைய சுத்தறவன், மலைல ஏறறவன் இல்ல. ரோடு சமமா இருக்குது. ரிம் பிரேக்குன்னா கட்டை எந்தப் பொட்டிக் கடைலயும் கெடைக்கும். கண்ணால பாத்தா தேஞ்சிருக்குதா இல்லியான்னு தெரியும். ஒரு திருப்புளி போதும். அந்தத் தட்டு கோணிச்சின்னா நான் யாருகிட்ட போய் நிக்கிறது?"

தட்டு கோணுவது அவருக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வாடகை கிடையாது அல்லவா, வழக்கம்போல வருகிறவர்கள் வண்டி நிறுத்த ஸ்டாண்டு போட்டோம். ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவர் தன் டிஸ்க் பிரேக் சைக்கிளை விட்டுப் போனார். அடுக்கின சைக்கிள் வரிசை சாய்ந்து அவருடைய தட்டில் இன்னொன்றின் பெடல் இடித்துவிட்டது. அப்பா மிரண்டுபோய், இரண்டு கட்டை விரலால் நாள் முழுக்க நிமிர்த்தினார். அவர் திட்டிக்கொண்டே செய்தாலும், தட்டைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டதைப் பார்க்க வேண்டுமே! புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி.

அந்த ஜெர்மன்காரர் அதற்கு முன்பு ஜவ்வாது மலை வரை போய் வந்தாராம். தட்டு நிமிர்ந்த பிறகும் முன் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. வேறு ஏதோ கோளாறு. அப்பா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அவன் இருந்தா சொல்லுவான்" என்றாள் அம்மா. அப்பா எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
சினேகா


குன்னூர் மேல்முகாம்
செப்டம்பர் 21

அன்புத் தங்கைக்கு,

சுகம், சுகமறிய ஆசை. அம்மாவின் ஜலதோஷம் போய்விட்டதா?

அப்பா காதை வைத்துக் கேட்டாரா! அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். முகாம் முதலாளி பிரசாத் சார் என்ன என்று கேட்டார். எங்கப்பா என்றேன்.

சமமான ரோட்டுக்கு ரிம் போதும் என்பதை நான் மறுக்கவில்லை. இங்கேயும் வேலூர்ப் பக்கமிருந்து ஒருவர் பழைய ரிம் பிரேக் சைக்கிளோடு வந்தார். எடை ரொம்பக் கம்மி, ஒரு கையால் தூக்கிக்கொண்டு போனார். வெயில் நாளில் நன்றாகவே இறங்கினார். மழை வந்த பிறகுதான் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இதை வேண்டுமானால் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

ஆயுத பூஜை வருகிறது. இங்கே இதுவரை பூஜை போட்டதே இல்லையாம். நான் கேட்டதும் பிரசாத் சார், "உங்க ஊர் முறைல நீயே செய் தம்பி" என்று சொல்லிவிட்டார். அப்பா செய்வதைப் பார்த்தே வளர்ந்தவன் நான், எனக்கா தெரியாது? பொரி, கடலை, சந்தனம், குங்குமம் எல்லாம் வாங்கியாயிற்று.

வீட்டில் பூஜையின்போது என் சைக்கிளையும் வரிசையில் நிறுத்து. பின்னால் தள்ளிவிடாதே.

அன்புடன்
ஆதவன்


குன்னூர் மேல்முகாம்
அக்டோபர் 2, விஜயதசமி

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம்தானே? உன் கடிதத்துக்குக் காத்திராமல் எழுதுகிறேன், மனது நிறைந்திருக்கிறது.

நேற்றுப் பூஜை பிரமாதம். அப்பா செய்வது மாதிரியே செய்தேன். "இரும்புன்னா வருஷத்துல ஒருநாள் எண்ணெய காணணும்" என்று சொல்வாரே, தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்து ஒரு சைக்கிள் விடாமல் தடவினேன். ஃபோர்க், கம்பி, செயின், பிரேக் தட்டு, எதையும் விடவில்லை. தட்டுகளைக் காய்ந்த துணியால் மறுபடி தேய்த்ததும் கண்ணாடி மாதிரி மின்னின. பிடியில் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தேன். இங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார்கள். பிரசாத் சார் படம் எடுத்தார்.

அப்பா பார்த்திருந்தால் குறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல். டிஸ்க் பிரேக் முகாமில் இருந்தாலும் அவர் பூஜையைத்தான் போட்டேன் என்று சொல்.

நாளைக் காலை ஒரு குழு இறங்குகிறது. நான்தான் முன்னால்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம்.

அன்புடன்
ஆதவன்


அடி அண்ணாமலை
அக்டோபர் 7

அண்ணா,

சுகமா? முதலில் அதை எழுது.

உன் கடிதத்தை இன்று மதியம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'அவர் பூஜையைத்தான் போட்டேன்' என்ற இடத்தில் முகம் மலரும் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"தட்டுலயுமா தடவுனான்?"

மறுபடி அந்த வரியை வாசித்தேன்.

"காலைல தொடச்சானா? பெட்ரோல் போட்டுத் தொடச்சானா? பாரு."

காய்ந்த துணி என்றுதான் எழுதியிருக்கிறாய்.

அண்ணா, விஜயதசமி அன்று விடியும்போது அப்பா தனியாக உட்கார்ந்து, பெட்ரோலில் நனைத்த துணியால் ஒவ்வொரு ரிம்மையும் சுற்றித் துடைப்பார். நான் வாசலில் கோலம் போடும்போது வருடா வருடம் பார்த்திருக்கிறேன். எண்ணெயை எடுத்துவிட்ட பிறகுதான் முதல் வாடகை போகும். நீ அப்போது முந்தின நாள் அலைச்சலில் தூங்கிக்கொண்டிருப்பாய். அது பூஜையில் சேர்ந்தது என்று நான் நினைத்ததில்லை. அப்பாவும் யாரிடமும் சொன்னதில்லை. பல் தேய்ப்பதை யாராவது சொல்வார்களா?

ஜெர்மன்காரரின் முன் பிரேக்குக்கும் அதே கோளாறுதானாம். செயினுக்குப் போட்ட எண்ணெய் தெறித்து, தட்டைக் கவ்வும் கட்டையில் ஏறியிருக்கிறது. அப்பா துடைத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. "ரிம்மு ரப்பரு தொடச்சா வுட்டுடும். இந்தக் கட்டை எண்ணெய குடிச்சிடுது. குடிச்சா கக்காது" என்றார். புதுக் கட்டை போட்ட பிறகுதான் சரியானது.

உடனே எல்லாக் கட்டைகளையும் மாற்றச் சொல். தட்டைப் பெட்ரோலால் துடை. யாரையும் இறங்க விடாதே. நீயும் இறங்காதே.

அப்பாவே என் போனை வாங்கி உன் எண்ணை அழுத்தினார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தம்மா சொன்னாள். தமிழிலும் இங்கிலீஷிலும் அவள் சொல்லி முடிக்கும் வரை காதிலேயே வைத்திருந்தார். பிறகு மறுபடி அழுத்தினார்.

இதை எழுதும்போதே உன் எண்ணிலிருந்து செய்தி வந்துவிட்டது. 'நலம். சிக்னல் இல்லை. கடிதம் போடுகிறேன்.' அப்பா அதை நான்கைந்து முறை வாசிக்கச் சொன்னார். கோயம்புத்தூர் பஸ் பிடிக்க எடுத்து வைத்த பையை அம்மா பிரித்து வைத்துவிட்டாள். இருந்தாலும் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

சினேகா


குன்னூர்
அக்டோபர் 30

அன்புத் தங்கைக்கு,

சுகம். எல்லோரும் சுகமா?

கடிதம் வந்தது. கட்டைகளை மாற்றியாயிற்று. தட்டைத் துடைத்தாயிற்று. வந்தவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அப்பாவிடம் சொல். அவர் பூஜையில் ஒரு குறையும் இல்லை என்றும் சொல்.

குளிரில் எழுத்து சரியாக வரவில்லை. மன்னித்துக்கொள்.

அப்பாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே ஒரு கஸ்டமர் இருக்கிறார். அவருக்கு வலது கை சரியாகப் பிடிக்காது. சைக்கிள் ஓட்ட ஆசை. ரிம் நல்லதா, டிஸ்க் நல்லதா என்று கேட்கிறார்.

தீபத்துக்கு வர முடியாது. வேலை இருக்கிறது.

ஆதவன்


அடி அண்ணாமலை
நவம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூவரும் சுகம். நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய்.

கடிதத்தை வழக்கம்போல வாசித்துக் காட்டினேன், அப்பா கையில் கொடுக்கவில்லை. உன் எழுத்து எப்போதும் வலப்பக்கம் சாய்ந்து ஓடும். இந்த முறை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. எழுதின வரியின் மேலேயே கை போனதால் மை இழுபட்டிருக்கிறது. குளிர் என்றாய். குளிரில் எழுத்து நடுங்கும் அண்ணா, சாயாது. மேலே 'மேல்முகாம்' என்றும் எழுதவில்லை. வெறும் குன்னூர்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

கஸ்டமரின் கேள்வியையும் வாசித்தேன். அப்பா மதியம் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா, "சோறு இன்னா பாவம் பண்ணுச்சி, இப்டி கொழப்பறீங்க?" என்றாள். பிறகு சொன்னார்:

"ஒரே கைல புடிக்கறவனுக்கு ரெண்டு பிரேக்கும் அந்தக் கைக்கே வரணும். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ்ல நடக்க முடியாதவங்களுக்குக் குடுத்த மூணு சக்கர வண்டி ஒண்ணு ரிப்பேருக்கு வந்துச்சி பாரு, அதுல ஒரே புடில ரெண்டு வயரு இருந்துச்சி. அந்த மாதிரி. ஆனா ஒரு கை பலத்த ரெண்டா பங்கு போட்டா ரெண்டுமே கம்மியாத்தான் புடிக்கும். ரிம்முன்னா அவனுக்குக் கை வலிக்கும்."

அடுத்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

"முன்னாடி மட்டும் தட்டு போட்டா தேவல. பின்னாடி ரிம்மே போதும்."

தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "கஸ்டமரு பேரு இன்னாவாம்?"

"எழுதல பா" என்றேன்.

"கேளு. பேரு வேணாம். எந்த வெரலு மடங்கல, அத மட்டும் கேளு."

கேட்டுவிட்டேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
சினேகா


குன்னூர்
நவம்பர் 23

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

கஸ்டமருக்கு மடங்காதது ஆள்காட்டி விரலும் நடுவிரலும். மணிக்கட்டு உடைந்து கூடிவிட்டது. உள்ளே நரம்பு அறுந்ததில் இந்த இரண்டும் அப்படியே நிற்கின்றன. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிறார்கள். கொஞ்சம் மடங்கலாம், மடங்காமலும் போகலாம் என்கிறார்கள்.

அவர் விஜயதசமிக்கு மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் தனியாக இறங்கினார். மற்றவர்கள் மேலே தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் திருப்பத்தில் பிரேக் கொஞ்சம் வழுக்கியது. பனி என்று நினைத்தார். இரண்டாவது திருப்பத்தில் இரண்டு பிடியையும் கைப்பிடியோடு சேர்த்து அழுத்தினேன் பாப்பா. பிடி கல் மாதிரி இறுகி நின்றது. சக்கரம் மட்டும் நிற்கவில்லை. தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தேன். கீழே ஒரு வடிகால் சுவர், கையை ஊன்றிவிட்டேன். விழுந்ததும் முதலில் கத்தினது 'யாரும் எறங்காதீங்க' என்றுதான். அதனால் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் எழுதியது பொய் இல்லை.

அப்பாவிடம் சொல்லாதே. டிஸ்க் பிரேக் என்று ஏளனம் செய்வார் என்பதற்காக இல்லை. செய்தால் செய்யட்டும், அதைக் கேட்கக்கூட ஆசையாக இருக்கிறது. அவர் சொல்லித் தராத ஒரு துணிக்காக இனி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்க முடியாமல் தவிப்பார். எனக்கு அது வேண்டாம்.

பிரசாத் சார் ஆஸ்பத்திரியிலும் கூட இருந்தார், இப்போது கீழே அவர் வீட்டில் ஓர் அறை கொடுத்திருக்கிறார். முன்பதிவு எழுதும் வேலை தருகிறேன் என்கிறார். இடது கையால் எழுதிப் பழகுவது அதற்கும் உதவும். பிரேக் பிடிக்க முடியாதவன் சைக்கிள் கடைக்கு வந்து என்ன செய்யப் போகிறான்? டிஸ்க் பிரேக் மாட்டும் அன்றைக்கு வருகிறேன் என்று சொன்னவன் நான். மாட்டவும் மாட்டார், வரவும் வேண்டாம்.

என் சைக்கிளை வாடகைக்கு விட்டுவிடு. சும்மா நின்றால் டயர் வெடித்துவிடும்.

அன்புடன்
ஆதவன்


அடி அண்ணாமலை
டிசம்பர் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கை தேற வேண்டும் என்று தீபத்தன்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். இங்கே அனைவரும் சுகம்.

நீ சொன்னபடி அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. 'ஆள்காட்டி விரலும் நடுவிரலும்' என்ற இடத்தை மட்டும் வாசித்தேன். அப்பா எழுந்து போய் உன் சைக்கிளின் வலது பிடிக்குப் பக்கத்தில் நின்றார். பெயிண்ட் தேய்ந்த இடத்தில் தன் இரண்டு விரலை வைத்தார். நான் கடிதத்தை மடித்துவிட்டேன். சொல்ல ஒன்றும் மீதி இல்லை.

தீபக் கூட்டம் குறைந்ததும் வேலூர் போய்வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஒரு முன்சக்கரமும் துணியில் சுற்றின தட்டும் ஓர் அட்டைப் பெட்டியும் இருந்தன.

"இன்னாங்க இது?" என்று அம்மா கேட்டாள்.

"கஸ்டமருக்கு."

"எந்தக் கஸ்டமருக்கு?"

"மலைல இருக்கறவருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து எதுவும் நடக்காத மாதிரி அப்பாவுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

தட்டை மாட்டும் முன் அப்பா குழாயடியில் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். அவர் கை கறுப்பு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. நகக்கண்ணெல்லாம் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தார். வந்து உட்கார்ந்தவர், "நீ மாட்டு பாப்பா. என் கைய நம்பறதுக்கு இல்ல" என்றார். நான் ஓரத்தை மட்டும் பிடித்துத் தட்டைச் சக்கரத்தின் நடு ஹப்பில் வைத்தேன். அவர் ஒவ்வொரு திருகாகச் சொல்லச் சொல்ல முடுக்கினேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் டிஸ்க் மாட்டுவதற்கு இடம் முன்பே இருந்தது, நீ வாங்கும்போதே பார்த்து வாங்கியிருக்கிறாய். பின்னால் பழைய ரிம் பிரேக்கே இருக்கிறது. வலது பிடியைக் கழற்றிவிட்டேன். இரண்டு வயரையும் இழுக்கும் ஒரே பிடியை இடது பக்கம் மாட்டினோம். தட்டு முன்னால் பிடிக்க, கட்டை பின்னால் பிடிக்க, இரண்டும் ஒரே நேரத்தில் கவ்வும்படி வயரின் நீளத்தைச் சரிசெய்ததுதான் நேரம் எடுத்தது. அப்பா ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

முடிந்ததும் அம்மா குங்குமச் சிமிழோடு வந்தாள்.

"புடில வையி" என்றார் அப்பா. "தட்டுல வேணாம். இனிமே தட்டுல எப்பவும் வேணாம்."

அம்மா பிடியில் வைத்தாள்.

"யாராவது ஓட்டிப் பாக்கணுமே" என்றார் அப்பா. அவருக்கு முழங்கால் வலி. கடையில் வேறு யாரும் இல்லை. நான் கடைக்குப் பின்னால் தவிர எங்கேயும் சைக்கிள் ஓட்டமாட்டேன் என்று உனக்குத் தெரியும். யாராவது பார்த்தால் எனக்குக் கால் பெடலில் நிற்காது.

சாயங்காலம் கிரிவலப் பாதைக்கு எடுத்துப் போனேன். நடக்கிறவர்கள், காவி கட்டினவர்கள், கரும்புச் சாறு வண்டிக்காரர் எல்லோரும் இருந்தார்கள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் ஓட்டினேன். முதலில் தள்ளாடினேன். "ஏம்மா, கை இன்னா ஆச்சி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ஒண்ணும் ஆவல. வண்டி பழகறேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் தாண்டி வரும் சிறு சரிவில் வேகம் வந்தது. லேசாக மழை தூறியிருந்தது. இடது கையால் ஒரே ஒரு முறை அழுத்தினேன். நின்றது.

திரும்பி வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"நிக்கிதா?"

"நிக்கிது பா."

"மழைலயும்?"

"மழைலயும்."

தலையாட்டினார். "டிஸ்க்கு மாட்டியாச்சின்னு கஸ்டமருக்கு எழுதிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எழுதிவிட்டேன்.

நீ வாடகைக்கு விடச் சொன்னாய். இன்று காலை ஒருவர் அந்த சைக்கிளைத்தான் கேட்டார். கொடுக்கவில்லை. உன் பழைய இடத்திலேயே நிறுத்தி, காற்று அடித்து, இடது பிடியை ஒரு முறை துடைத்துவிட்டுப் பூட்டினேன். அதில் பெயிண்ட் இன்னும் புதிதாக இருக்கிறது. சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

சினேகா